மறுபக்கத்துத் தட்டு

ஒடுகத்தூர் பட்டறையில், மலைப்பாதையில் உருண்ட பஸ்ஸின் பக்கத் தகட்டில் மாலை வெயில் சிவக்கிறது. கோபால்சாமி புதுக் கைக்கருவியின் முனையில் ரிவெட் நட்டைத் திருகி ஓட்டைக்குள் நுழைக்கிறார். கைப்பிடியை அழுத்தினால் நட்டு மறுபக்கம் தானே உப்பித் தகட்டைக் கவ்விக்கொள்ளும்; முன்போல உள்ளே முட்டுக் கொடுக்க ஆள் வேண்டாம். ஆனாலும் தகட்டை ஒரு தட்டு தட்டுகிறார். "முட்டு குட்த்துட்டியா, சுப்பிரமணி?" வருஷக்கணக்கில் உள்ளே நின்று பதில் தட்டு கொடுத்த சுப்பிரமணி இந்த பஸ் உருண்டபோது இதில்தான் செத்தான். "உள்ள யாரும் இல்லீங்கண்ணே," என்கிறான் கண்டக்டர் ராஜாக்கண்ணு. கோபால்சாமி அழுத்தாமல் காத்திருக்கிறார். பார்க்கப் பொறுக்காமல் ராஜாக்கண்ணு பஸ்ஸுக்குள் ஏறி ஒரு தட்டு தட்டுகிறான். கோபால்சாமி கைப்பிடியை அழுத்த, கிறீச்சிட்டு நட்டு கவ்வுகிறது. "இன்னாடா இவ்ளோ நேரம்?" என்று வெளியே கோபால்சாமி சிரிக்கிறார். ராஜாக்கண்ணு உள்ளேயே அடுத்த ஓட்டையருகே போய் நிற்கிறான்.