டிராக்குக்குத் தயாராகும் கார்

“உங்க சிநேகிதர் காருக்குப் புது பிரேக் போடறாராம். டயரெல்லாம் மாத்தறாராம். நம்ம வீட்டுப் படி ஏறத்தான் அவருக்கு நேரம் இல்லை.”

மனைவி லதா சொன்னதைக் கேட்டும் மணிவேல் திரும்பவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தவன் அவன். முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலி வாங்கியாயிற்று. அதில் உட்கார்ந்து வாசல்வரை போகக்கூட மறுக்கிறான். பேச்சும் குறைந்துவிட்டது.

அந்தச் சிநேகிதன் சிவராஜும் அவனும் கல்கத்தா டாக்குரியாவில் ஒரே பள்ளிக்கூடம். பிறகு கார்டன் ரீச்சில் ஒரே ரயில்வே ஆபீஸ். இருவருக்கும் கார் பைத்தியம். நல்ல வேகமான கார் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய், ஒரு நாள் முழுக்க ஆசை தீர ஓட்டிவிட்டு வரவேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிவராஜ் கார் வாங்கிய சமயத்தில்தான் மணிவேல் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை சிவராஜ் தினமும் வந்தான். வீட்டுக்கு வந்தபின் வருவது குறைந்தது. துர்கா பூஜைக்குப் பிறகு அடியோடு நின்றுவிட்டது. போன் செய்தாலும் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறான்.

“அவர் பொண்டாட்டி ரோஹிணிதான் சொன்னா. ஆபீஸ் விட்டா நேரா ஹவுரா கராஜுக்குப் போயிடறாராம். அவகிட்டயே ஒழுங்காப் பேசறதில்லையாம்.”

மணிவேல் மெல்லத் திரும்பினான்.

“பிரேக் ஆயில் மாத்திட்டானாமா?”

“என்னது?”

“பழைய ஆயில் டிராக்கில கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. கேட்டுச் சொல்லு.”

அன்றைக்கு அவன் வாயைத் திறந்தது அதற்குத்தான். லதா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, மணிவேலைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு பாகீரதியிடம் சொல்லிவிட்டு ஹவுராவுக்கு பஸ் ஏறினாள்.

லேத் பட்டறைகள் நிறைந்த சந்தின் கடைசியில் இருந்தது கராஜ். முன்னால் பெரிய காலி மைதானம். காரின் பின் சீட்டைக் கழற்றிச் சுவர் ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

“எடை குறையணும்னு எடுத்தது, தீதி” என்று அக்கா முறை வைத்து வங்காளத்தில் சொன்னான் மெக்கானிக் சைதன்யா. “வண்டி உருண்டாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு உள்ளே இரும்புக் கூண்டு வச்சிருக்கோம்.”

“சிவராஜ் எங்கே?”

அவன் மைதானத்தைக் காட்டினான்.

சிவப்புக் கார் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு பாய்ச்சல். அடுத்த நொடி தூக்கிப்போட்டது போல நின்றது. மறுபடி ஊர்ந்தது, மறுபடி நின்றது. டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் வந்தவர்கள் இதைவிட நன்றாக ஓட்டுவார்கள். இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தபடி லதா நேரே அதன் முன்னால் போய் நின்றாள்.

கண்ணாடி இறங்கியது. சிவராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை.

“பௌதி, நீங்க எங்க இங்க?”

அண்ணி என்று தமிழில் அவன் கூப்பிட்டதே இல்லை. அவள் கல்யாணமாகி கல்கத்தா வந்த நாளிலிருந்து பௌதிதான்.

“பௌதின்னு கூப்பிட இப்பத்தான் ஞாபகம் வந்துதா? தெருவில ஹாரன் கேட்டா நீங்கதானோன்னு அவர் இன்னும் தலையைத் தூக்கிப் பார்க்கறார். அப்படிக் கிடக்கும்போதும் உங்க காருக்கு பிரேக் ஆயில் மாத்தியாச்சான்னு கேட்கறார்.”

“கேட்டானா?” சிவராஜின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “மாத்தியாச்சுன்னு சொல்லுங்க.”

“நீங்களே வந்து சொல்லுங்க.”

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். “வரேன் பௌதி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

“எதுக்கு? டிராக்கில ஆசை தீர ஓட்டிட்டு வந்து, நடக்க முடியாதவர் பக்கத்தில உட்கார்ந்து கதை சொல்லவா?”

அவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. லதாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“இவ்வளவு தூரம் வந்து வெயில்ல நிக்கறேன். இறங்கி நின்னு பேசணும்னுகூடவா தோணலை?”

“இப்ப இறங்க முடியாது பௌதி.”

“ஏன் முடியாது?”

அவள் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தாள்.

சிவராஜின் இரண்டு கால்களும் முழங்காலிலும் கணுக்காலிலும் சேர்த்துக் கட்டப்பட்டு, பட்டை போட்டு சீட்டோடு இறுக்கப்பட்டிருந்தன. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இரும்புக் கைப்பிடி. அதன்மேல் அவன் இடது கை இருந்தது.

லதாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

“கிளட்ச் இல்லாத வண்டி. தள்ளினா பிரேக், இழுத்தா ஆக்ஸிலரேட்டர்” என்றான் சிவராஜ், திருட்டுத்தனம் பிடிபட்டவன் போலக் குனிந்துகொண்டு. “கட்டாம உட்கார்ந்தா கால் தானா பெடலுக்குப் போயிடுது. வீட்டுக்கு வந்தா வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னு பயம். சொல்லிட்டு, கடைசியில இது சரியா வரலைன்னா அவன் தாங்க மாட்டான். முதல்ல நான் கையால ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டாத்தானே பௌதி, மணிக்குச் சொல்லித்தர முடியும்?”