கைப்பிடி வைத்த பக்கெட்

துவாக்குடிப் பட்டறையில் நின்ற தன் குட்டி டிராக்டரை விட்டு மதுரைவீரன் நகரவே இல்லை. அதன் முன்பக்கத்தில் எரு அள்ளும் லோடர், தூக்கிய பக்கெட்டைப் பாதியில் தொப்பென்று போட்டுவிடும். அதைச் சரிசெய்யத்தான் வந்திருந்தான்.

“பம்பு, ஓஸு எல்லாம் புதுசாப் போடுங்கண்ணே. குலுங்காமத் தூக்கணும், பூ மாதிரி இறக்கணும்.”

“போட்டாச்சுப்பா,” என்றார் பட்டறைக்காரர் பீமராவ்.

“பக்கெட்டுக்குள்ள ஒரு கைப்பிடியும் வச்சிருங்க.”

பீமராவ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார். “கைப்பிடியா? அள்ளுற எரு எதுக்குப்பா புடிச்சுக்கிட்டு நிக்கணும்?”

“எருவுக்கு இல்லண்ணே, முருங்கைக்காய் பறிக்க. மரத்துல ஏறினா கிளை முறிஞ்சுடுது. அதான், பக்கெட்டுல ஆளை நிக்க வச்சுத் தூக்கலாம்னு...”

“அடப்பாவி! பொண்டாட்டிய மேல ஏத்திட்டு நீ சொகுசா சீட்டுல உக்காரப் போறியா?”

மதுரைவீரன் வாயைத் திறப்பதற்குள் டிராக்டர் உறுமியது. கூட வந்த அவன் மனைவி இருசம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க வெட்டிப் பேச்சு? பக்கெட்டுல ஏறுங்க, ஒரு தடவ தூக்கிப் பாத்துடுறேன். நேத்துத்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன், லீவரு இன்னும் சரியாப் புடிபடல.”

மதுரைவீரன் பீமராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, கைப்பிடி ரெண்டா வச்சிருங்க.”