இடப்பக்கத் துணி

வகுப்பறை மேசையில் தன் மூன்று மாதக் குழந்தையைக் கிடத்தி, அதன் இரு கன்னங்களுக்கும் அருகில் பக்கத்துக்கு ஒரு துணியை வைத்தார் பேராசிரியை.

"ஒண்ணு நேத்து முழுக்க என் மார்ல இருந்தது. இன்னொண்ணு வேற ஒருத்தரோடது. பெத்தவ வாசனையைக் குழந்தையோட மூக்கு கண்டுபிடிச்சிடும், பாருங்க."

குழந்தை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது. பிறகு இடப்பக்கத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தது. வகுப்பே கைதட்டியது.

"அதுதானே மேடம் உங்களோடது?" என்றாள் ஒரு மாணவி.

பேராசிரியைக்கு முகம் சுண்டிப்போனது. "ஆமா," என்று சொல்லிவிட்டு, இரண்டு துணிகளையும் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

எல்லோரும் போனதும், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா உள்ளே வந்தாள். தலை நிமிரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கேட்டீங்களேன்னு என் துணியை அப்படியே குடுத்துட்டேன். துவைச்சுக் குடுத்திருக்கணும்."