பூனைக்கும் ஒரு நன்றி

"நவீன வரலாற்றுப் படிப்பை உண்டாக்கினவர் யாருன்னு கேட்டா, எல்லாரும் அந்த ஒரே ஜெர்மன்காரரைத்தான் சொல்றாங்க. நான் கேக்கிறேன், ஆதாரம் எங்கே?"

பேராசிரியர் மேஜையைத் தட்டினார். மைக் வீல் என்றது. அவருடைய ஐந்நூறு பக்கப் புத்தகம் அரை மணி நேரத்துக்கு முன்புதான் வெளியாகியிருந்தது.

"ஆவண அறைகள்ல உக்காந்து, தூசியைத் தின்னு, பழைய கடிதங்களை நகல் எடுத்து அவருக்கு அனுப்பினவங்க எத்தனை பேர்! அவங்க இல்லேன்னா அந்த மனுஷன் எதை வச்சு எழுதியிருப்பார்? பல்லக்கைத் தூக்கினவன் ஒருத்தன், ஏறி உக்காந்தவன் ஒருத்தன்! உழைச்சவங்க பேரை மறைக்கிறது இருக்கே, அதுக்குப் பேர் திருட்டு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசி வரிசையில் நூலகர் பக்கத்து நாற்காலியை இடித்தார்.

"என்னடி, உன்னைத்தான் சொல்றார் போலிருக்கு!"

"போங்கக்கா," என்றாள் பேராசிரியரின் ஆராய்ச்சி உதவியாளர். முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

ஆறு வருஷம். ஆவணக் காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை. பென்சிலால் எழுதி எழுதி அவள் நடுவிரல் காய்த்துப் போயிருந்தது. புத்தகத்தின் எழுநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகளும் அவள் தேடி எடுத்தவை. ஒவ்வொரு சீட்டையும் கொண்டுபோய் நீட்டுவாள். பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "ஆதாரம் எங்கேம்மா?" என்பார். மொத்த ஆராய்ச்சியில் அவர் பங்கு அந்தக் கேள்விதான்.

நாளைக் காலை அவளுக்கு நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. ஆராய்ச்சியில் பங்கு பெற்றதற்கு அச்சில் வந்த சான்று வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மூன்று தடவை பேராசிரியரிடம் சொல்லியிருந்தாள்.

"உன் பேர் இல்லாமலா? நன்றிப் பக்கத்துல முதல் பேரே நீதாம்மா!" என்று மூன்று தடவையும் சொன்னார்.

புத்தகக் கட்டை மேடையில்தான் பிரித்தார்கள். ஒரு பிரதிகூட இன்னும் கடைசி வரிசைக்கு வந்து சேரவில்லை.

அச்சுச் செலவை ஏற்ற கல்லூரிச் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"அந்த நன்றிப் பக்கத்தைக் கொஞ்சம் படிங்களேன். சபை கேக்கட்டுமே."

சபை கேட்க வேண்டியது தன் பெயரை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

பேராசிரியர் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டது.

"ஏம்மா, நீ வா. உனக்குத்தான் இந்தப் புத்தகம் மனப்பாடமாச்சே!"

அந்தப் பக்கத்தில் தான் எழுதியது நினைவில் இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார். இல்லை, நினைவிருந்தும் இவள் என்ன வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்திருக்கலாம்.

அவள் மேடை ஏறினாள். புத்தகத்தையும் மைக்கையும் கையில் வாங்கிக்கொண்டாள்.

முதல் பெயர் செயலாளர். அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். அடுத்தது செயலாளரின் மாமனார். பிறகு அச்சக முதலாளி. பிறகு, நேரம் தவறாமல் தேநீர் கொடுத்த பேராசிரியரின் மனைவி.

"'நான் எழுதும்போதெல்லாம் மேஜையை விட்டு இறங்காத எங்கள் வீட்டுப் பூனை ராணிக்கும்...'"

அரங்கம் சிரித்தது. பூனைக்குக்கூடப் பெயர் இருந்தது.

இன்னும் ஒரே வரி. அதை முதலில் மனசுக்குள் படித்தாள்.

"என்னம்மா நிறுத்திட்டே? படி, படி," என்றார் பேராசிரியர்.

படித்தாள்.

"'கடைசியாக, தன் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்ட உதவியாளர் ஒருவருக்கும் நன்றி.'"

"அடடா! இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!" என்று செயலாளர் முதல் ஆளாகக் கைதட்டினார். சபையும் தட்டியது. பேராசிரியரும் தட்டிவிட்டு, மைக்குக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, சார். இந்தக் கடைசி வரிக்கு ஆதாரம் எங்கே?"