மடியில் உட்காரும் கோழி

யுத்தம் நடந்த அந்த வருஷமும் வன்னியம்பட்டி வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகைக்குக் கோழிகள் காணிக்கையாக வந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் நேசையன் வேப்பமரத்தடியில் அவற்றை ஏலம் விட்டார்.

"ஆளைக் கண்டா ஓடி வந்து மடியில உக்காரணும். அப்படி ஒரு சாதுவான நாட்டுக்கோழி கிடைச்சா வளக்கலாம்" என்றாள் கிருபாபாய், சம்மணமிட்டு உட்கார்ந்தபடி.

முதல் கோழிக்கு ஒரு கண் இல்லை.

"சீ! கர்த்தருக்குக் கொடுக்குற கோழியா இது?" என்றாள்.

அடுத்தது பச்சையாகக் கழிந்தது. கிருபாபாய் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"நாளைக்குச் சாவப்போறதைக் காணிக்கைன்னு கொண்டாந்திருக்காளுவ. எனக்குக் கொமட்டுது."

"நீங்க எதைக் கொடுத்திய மதினி?" என்றாள் பக்கத்தில் இருந்த அன்னத்தாய்.

"எங்கிட்ட இருந்ததுலயே முதல் தரம். யாரும் வருமுன்ன மூடுன கூடையோட வச்சிட்டு வந்துட்டேன். வலது கை கொடுக்குறது இடது கைக்குத் தெரியக் கூடாதுல்லா?"

உபதேசியார் கடைசிக் கூடையைத் திறந்தார். சொறி பிடித்து இறகு கொட்டிய செவலைக் கோழி ஒன்று, நாற்றத்தோடு எழுந்து அவர் கையைக் கொத்தியது. கூட்டமே முகம் சுளித்தது. கிருபாபாய் மட்டும் மெல்ல எழப் பார்த்தாள்.

அதற்குள் கோழி திமிறிப் பறந்து, அத்தனை பேரையும் தாண்டி நேராக வந்து, அவள் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது.

"ஏலத்தை நிறுத்துங்க உபதேசியாரே! கோழி தன் ஆளைக் கண்டுக்கிடுச்சு" என்ற அன்னத்தாய், மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.