பனியில் நின்ற தகப்பன்

“அது சரி மச்சான், புள்ள பெத்த அந்தத் தகப்பனுக்குச் சரக்குக் கறி ஆரு ஆக்கிக் குடுக்கிற?”

பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுக்கும் மருந்துக் கறியைப் பற்றி நபீலா கேட்ட கேள்வியில் ஜெமீலுக்குச் சோறு புரையேறிவிட்டது. கடற்குதிரையில் ஆண்தான் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமந்து பெறும் என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் புளுகாதே என்றிருப்பார்கள். இவளோ குசினிக்குப் போய்ச் சொதியை எடுத்துவந்து, கூடவே ஒரு கேள்வியையும் பரிமாறுவாள்.

“கடலுக்குள்ள ஏது புள்ள சரக்கு? பெத்த கையோட அவர் தன்ட பாட்டுக்குப் போயிடுவார்.”

“பாவம்” என்றாள் நபீலா.

கலியாணத்துக்கு முன்னர் ஜெமீல் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் தீன் போடும் வேலையில் இருந்தான். அங்கிருந்த மிருக வைத்தியர் வாய் ஓயாதவர். அவர் சொன்னதையெல்லாம் இவன் ஒன்று விடாமல் மனத்தில் சேர்த்து வைத்துக்கொண்டான். இப்போது மருதமுனையில் பெண்வீட்டு மாப்பிள்ளை. பகலில் கல்முனைச் சந்தையில் சாரன் கடையில் வேலை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் உலகத்து மிருகமெல்லாம் அவன் வாயில் வந்து நிற்கும். அவற்றையும் மதித்துக் கேட்க ஒரு மனைவி வாய்த்தாளே என்று அவனுக்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

அந்த வீட்டில் அவனை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். மாமி சபூறா உம்மா.

அந்தப் பக்கத்தில் மாமியார் மருமகனின் முகத்துக்கு நேரே வருவதில்லை, அவனோடு கதைப்பதும் இல்லை. அது மரியாதை, அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் கலியாணமானால் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் விலகிப் போவதும் அங்கே வழக்கம். சபூறா உம்மாவுக்கும் வீட்டு வளவின் கடைசியில், தென்னைகளுக்கு அப்பால், சின்னதாக ஒரு வீடு கட்டிக் கூரையும் போட்டு மாதங்களாகிவிட்டன. அவரோ இன்னும் அசையவில்லை.

இதைக் கடையில் சொன்னபோது, கூட வேலை செய்யும் ஆதம்பாவா துணியை மடித்தபடியே சிரித்தான்.

“விளங்கல்லையா உனக்கு? உன்ன நம்பி மகள விட்டுட்டுப் போக அவவுக்கு மனமில்ல. ஆம்புள புள்ள பெறுகுது எண்டு கதைக்கிற மாப்பிள்ளைய ஆரு நம்புவா?”

அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

“இண்டைக்கு என்ன மிருகம்?” நபீலா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

சொல்ல மனமில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

“உலகத்திட அடியில முழுக்கப் பனிக்கட்டி. அங்க பென்குயின் எண்டு ஒரு பறவை. பறக்கத் தெரியா, நீந்தும். பொஞ்சாதி ஒரே ஒரு முட்டைய இட்டுப் புருசன்ட கையில பாரம் குடுத்துட்டு, தீன் தேடிக் கடலுக்குப் போயிடுவா. கையேது அவருக்கு? காலுக்கு மேல வெச்சு, வயித்துத் தோலால போத்திக்கிட்டு நிப்பார். மாதக் கணக்கா நிப்பார். ஒரு வாய் தீன் இல்ல. சூரியனும் இல்ல. காத்து ஆளத் தூக்கும்.”

நபீலா வாழைப்பழம் எடுக்கக் குசினிக்குப் போய் வந்தாள்.

“குளிர் தாங்காம முட்டைய விட்டுட்டு ஓடிட மாட்டாரா?”

“மாட்டார். தகப்பன்மார் எல்லாரும் ஒண்டாச் சேந்து நெருக்கி நிப்பாங்க. ஓரத்தில விறைச்சவர் உள்ளுக்குப் போவார், உள்ளுக்க நிண்டவர் ஓரத்துக்கு வருவார்.”

“நம்மட மனிசரவிட நல்லம்.”

“பொறகு குஞ்சு பொரிச்சிடும். தாய் இன்னும் வரல்ல. குஞ்சு வாயத் துறந்து கத்துது. இவர் கடல் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கார்...”

அத்தோடு ஜெமீல் நிறுத்திவிட்டான். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“போதும் புள்ள. இனி நான் கதை சொல்லல்ல.”

“ஏன் மச்சான், என்ன நடந்த?”

“இந்தக் கதையாலதான் உங்கட உம்மா என்னப் புளுகன் எண்டு நினைக்கா. என்ன நம்பாமத்தான் புது வீட்டுக்கும் போகாம இஞ்ச காவல் இரிக்கா. மதிப்பில்லாத இடத்தில நான் எப்பிடி இரிக்கிற? திரும்பத் தெகிவளைக்கே போறன்.”

நபீலாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

குசினிக்குள் ஏதோ சட்டி உருண்டது. கதவுச் சேலை அசைந்தது. அதற்குப் பின்னாலிருந்து, அவன் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“மருமகன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் புது வீட்டில ஒரு ராவு போய் இருந்து பாத்தன், நீங்க சொல்ற ஒண்டும் அங்க கேக்குதில்ல. மகளிட்டக் கேள்வியச் சொல்லிச் சொல்லி அனுப்பி எனக்கும் பொறுமை இல்லாமப் போயிட்டு... அந்தப் பொஞ்சாதி திரும்பி வந்தாளா, அத மட்டும் சொல்லிப்போட்டுக் கை கழுவுங்க!”