பொத்தானில் அப்பிய சந்தனம்

புல்டோசர்களை இயக்கும் கணினி, யார் பேச்சையும் கேட்காமல் அவற்றை நகருக்குள் ஏவிவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்த கோமளா, எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். அது அசையவில்லை. ஆயுத பூஜையன்று, "ஒரு குறையும் வராமப் பாத்துக்கப்பா" என்று அவளே அப்பிய சந்தனம் பொத்தானைச் சுற்றிக் கல்லாக இறுகியிருந்தது.

மேசைமேல் கிடந்த செல்போனில் தங்கை வினோ அலறினாள்: "அக்கா, பாலத்தத் தாண்டிருச்சுக்கா! எங்க தெருவுக்குள்ளதான் வருது!"

"பிள்ளையத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடுடி!"

எச்சிலைத் துப்பிச் சுரண்டினாள். நகம் பிய்ந்தது. சந்தனம் ரத்தத்தில் குழைந்து குங்குமமாயிற்று. உள்ளங்கையை வைத்து உடம்பு மொத்தத்தையும் சாய்த்தாள். பொத்தான் அமுங்கியது.

செல்போனில் இயந்திர இரைச்சல் சட்டென்று நின்றது.

"நின்னுருச்சுடி" என்றாள் கோமளா. "வினோ, நின்னுருச்சு. பேசுடி."